கண்ணுக்குள் வைக்கும் வில்லை: தெளிந்ததா, மஞ்சளா?

கிழக்கு வெளுக்கும் முன்னரே நெற்றி விளக்கை ஏற்றிக்கொண்டு நிரையில் இறங்கும் பால்மரத் தொழிலாளிக்குக் கண்ணே முதற்கருவி. உளி இரண்டாவது கருவிதான். மரத்தின் உட்புறத்தே வளர்படலம் என்னும் மெல்லிய அடுக்கு உண்டு. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உளி நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இத்துணை நுட்பமான வேலையை அரையிருளில் செய்கின்ற ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்தால் என்னவாகும் என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எமக்கு அறிமுகமான தொழிலாளி ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. வயது 58. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். அவர் வெட்டிய மரங்களில் காயம் மிகுதியாகிறது என்று மண்டோர் குறை கூறத் தொடங்கினார். தம் நெற்றி விளக்கின் பாட்டரிதான் பழுதென்று எண்ணி இருமுறை மாற்றிப் பார்த்தார் அவர். மூன்றாம் முறை விளக்கையே மாற்றினார். அதன்பின்னரே அரசாங்க மருந்தகத்திற்குச் சென்றார். இரு கண்களிலும் புரை என்று அங்குக் கூறி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதமும் கொடுத்தனுப்பினர்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் நகரத்திலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றார். ஆங்கே பணக்கணக்குப் பேசியவர், "தெளிந்த வில்லை வைத்தால் நீல ஒளி உள்ளே புகுந்து விழித்திரையைச் சுட்டுவிடும். மஞ்சள் வில்லை வைத்தால்தான் பார்வை நிலைக்கும்," என்று சொல்லியனுப்பினார். அதற்கான தொகை அவரிடம் இல்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைக்க மனமும் வரவில்லை. அரசாங்க மருத்துவமனையில் எந்த வில்லை வைப்பார்களோ என்ற அச்சத்தால் அங்கும் செல்லாமல் பதினான்கு மாதங்களைக் கழித்துவிட்டார். எம்மிடம் வந்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "மஞ்சள் வில்லை இல்லாவிட்டால் எனக்குக் கண் போய்விடுமா?"

இக்கேள்விக்கு விடை காண்பதே இம்மாதப் பாடம்.

புரை என்பது யாது?

கண்ணின் கருவட்டத்திற்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லையை இயற்கை அமைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து, கண்ணின் பின்சுவரிலுள்ள விழித்திரையின்மேல் விழச்செய்வது அதன் பணி. குழந்தையின் கண்ணில் அது நீரைப்போல் தெளிந்திருக்கும். வயது ஏற ஏற மெல்ல மஞ்சள் படரும். பின்னர்க் கலங்கத் தொடங்கும். இக்கலக்கத்தையே கண்புரை என்கிறோம். முதுமையே இதற்குத் தலையாய காரணம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முன்கூட்டியே வரும். புகை பிடித்தலும், நெடுங்கால வெயிலும் இதனைத் தூண்டும்.

நம் நாட்டில் 50 வயதைக் கடந்தவர்களிடையே 2014ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியக் கண் ஆய்வு, பார்வையிழப்புக்கு முதற்காரணம் சிகிச்சை பெறாத கண்புரையே என்று காட்டியது. அறுவை செய்து நீக்கத்தக்க ஒன்றால் மக்கள் பார்வையிழக்கின்றனர் என்பது வருந்தத்தக்க செய்தியன்றோ? எந்த வில்லை என்னும் வினாவைவிட, அறுவை செய்துகொள்வதா வேண்டாவா என்னும் வினாவே பெரிது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

புரைக்கு மருந்து இல்லை. சொட்டு மருந்தோ, நாட்டு மருந்தோ, தேனோ அதனைக் கரைக்கமாட்டா. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்துவதே வழி. தோட்டங்களில் முன்னாளில் முதியவர்கள் 'சோடாப்புட்டிக் கண்ணாடி' அணிந்து திரிந்தது பலருக்கும் நினைவிருக்கும். அக்காலத்தில் வில்லையை எடுத்துவிட்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டதனால், அந்தப் பருத்த கண்ணாடி வேண்டியிருந்தது.

கண்ணுக்குள் வில்லை வைக்கும் முறையைக் கண்டவர் ஹெரல்ட் ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலருடைய கண்களில், விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துத் தங்கிவிட்டன. கண்ணில் தூசு விழுந்தாலே சிவந்து வீங்குமே, இச்சில்லுகளோ ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடந்தன! இதனை உன்னிப்பாய்க் கவனித்த ரிட்லி, அதே பொருளால் வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவர் கண்ணில் வைத்தார். மருத்துவ உலகம் நெடுங்காலம் அவரை ஏளனம் செய்தது. முதுமையில் அவருக்கும் புரை வந்தது. அதே மருத்துவமனையில் அவர் தம் கண்களிலும் செயற்கை வில்லையே வைத்துக்கொண்டார்.

தெளிந்த வில்லையும் மஞ்சள் வில்லையும்

சூரிய ஒளியில் நாம் காணும் நிறங்களோடு, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரும் கலந்திருக்கிறது. ஒளியலையின் நீளத்தை நானோமீட்டர் என்னும் மிகச் சிறிய அளவால் அளப்பர். 400க்குக் கீழ்ப்பட்டது புற ஊதா. 400 முதல் 500 வரை ஊதாவும் நீலமும். அதற்கு மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தொடரும். நம் இயற்கை வில்லை புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தானே உறிஞ்சிக்கொண்டு விழித்திரையைக் காக்கிறது. வயதாகி மஞ்சளடையும்போது நீலத்திலும் ஒரு பகுதியைத் தடுக்கிறது.

தொடக்ககாலச் செயற்கை வில்லைகள் புற ஊதாக் கதிரை உள்ளே விட்டுவிட்டன. 1980களில் இக்குறை நீங்கியது. அக்கதிரை உறிஞ்சும் பொருளை வில்லையிலேயே கலந்து செய்யத் தொடங்கினர். ஆகவே இன்று 'தெளிந்த வில்லை' என்று சொல்லப்படுவதும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதேயாகும். பலர் இதனை அறியாமல், தெளிந்த வில்லை என்றால் திறந்து கிடக்கும் சன்னல் என எண்ணிவிடுகின்றனர். எம் நண்பருடைய அச்சத்தில் பாதி இதனால் விளைந்ததே.

மஞ்சள் வில்லை என்பது இதற்கு மேல் ஓர் அடி சென்றது. நீல ஒளியில் ஒரு பகுதியையும் தடுக்குமாறு மஞ்சள் சாயப்பொருள் அதில் பிணைக்கப்பட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் இது வழக்குக்கு வந்தது. அமெரிக்க அரசு 2003ஆம் ஆண்டில் இத்தகைய வில்லை ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தபின் உலகெங்கும் பரவிற்று. சாயம் என்றவுடன் துணிச்சாயம்போல் கரையுமோ என அஞ்ச வேண்டா. அது பிளாஸ்டிக்கோடு பிணைந்தது. மஞ்சள் வில்லை வைத்தவர் உலகத்தை மஞ்சளாகக் காண்பதும் இல்லை. முற்றிய புரையின் பழுப்போடு ஒப்பிட்டால் அந்த இளமஞ்சள் ஒன்றுமேயில்லை. வளர்ந்த ஒருவரின் புரையற்ற கண்ணில் இயல்பாக இருக்கும் மஞ்சளை ஒத்தது அது.

மஞ்சள் ஏன் என்றார்கள்?

விழித்திரையின் நடுவே, கூர்ந்து பார்ப்பதற்குரிய சிறு பகுதி ஒன்றுண்டு. அதற்கே மருத்துவர்கள் மஞ்சட்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் உண்ணும் கீரை வகைகளிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறப்பொருள் அங்குப் படிந்து, இயற்கையாகவே நீல ஒளியைக் குறைக்கிறது. முதுமையில் சிலருக்கு இம்மஞ்சட்புள்ளி சிதைந்து, எதிரில் நிற்பவரின் முகமே தெரியாமற் போகும். சோதனைக் கூடங்களில் உயிரணுக்களின் மீதும் விலங்குகளின் மீதும் கடுமையான நீல ஒளியைப் பாய்ச்சியபோது விழித்திரை கெட்டது. ஆகவே நீலத்தைத் தடுத்தால் மஞ்சட்புள்ளி நெடுநாள் நிலைக்கும் என்று கருதினர். கருத்து நியாயமானதே. ஆனால் மனிதர்களிடம் அது மெய்ப்பிக்கப்பட்டதா?

2018ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் அனைத்துலக ஆய்வு அமைப்பு, இவ்விருவகை வில்லைகளையும் ஒப்பிட்ட 51 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. தொலைப்பார்வைக் கூர்மையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிபு. மஞ்சட்புள்ளியைக் காக்கிறதா என்பதற்கு உறுதியான சான்றும் அதற்குக் கிடைக்கவில்லை. பின்னர் வெளிவந்த பெரிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2021இல் வெளியான பின்லாந்து ஆய்வு மஞ்சள் வில்லைக்குச் சிறிது நன்மை காட்டியது. 2022இல் வெளியான தைவான் ஆய்வு அத்தகைய நன்மையைக் காணவில்லை.

ஆதலின், மஞ்சள் வில்லை தீங்கானது என்று சொல்ல எமக்குச் சான்று இல்லை. அது இல்லாவிட்டால் கண் கெடும் என்று ஒருவர் சொன்னால், அதற்கும் சான்று இல்லை. இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம். மஞ்சட்புள்ளிச் சிதைவுக்குப் புகைபிடித்தல் ஐயத்திற்கிடமில்லாத காரணம். நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டைப் புகைத்துக்கொண்டே, வில்லையின் நிறத்திற்காகச் சங்கிலியை அடகு வைப்பது எவ்வகைக் கணக்கு? எம் நண்பர் இதைக் கேட்டதும் சட்டைப் பையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அரையிருளும் நிறமும்

நகரத்து அலுவலரைவிட மரம் வெட்டுபவருக்கு இவ்வினாவில் தனிப்பட்ட ஓர் அக்கறை உண்டு. அவர் வேலை தொடங்குவது அரையிருளில். வெயில் ஏறுமுன் மரத்தினுள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாய் ஓடும். வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

லயத்து வாசலில் செம்பருத்திச் செடி இருந்தால், விடியுமுன் ஒருநாள் அதனை உற்றுப் பாருங்கள். பகலில் நெருப்புப்போல் எரியும் பூ அப்போது கறுத்துத் தோன்றும். இலைகளோ வெளிறித் தெளிவாய்த் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைக் கைவிட்டு, பச்சை நீலப் பகுதிக்கு மாறிக்கொள்வதே இதற்குக் காரணம். அவ்வேளையில் நீலத்தில் ஒரு பகுதியைத் தடுக்கும் வில்லை, கிடைக்கும் சிறு வெளிச்சத்திலும் சிறிது குறைக்கும் என்பது தெளிந்த வில்லையை ஆதரிக்கும் மருத்துவர்களின் வாதம். கருநீலத்தையும் கறுப்பையும் மங்கிய ஒளியில் பிரித்தறிவது சற்றுக் கடினமாகலாம் என்றும் சொல்வர். கருவிகொண்டு அளந்தால் தென்படும் இவ்வேறுபாடு, அன்றாட வேலையில் பெரும்பாலோர்க்குத் தெரிவதில்லை. புரையை எடுத்தவுடன் கண்ணுக்குள் பாயும் வெளிச்சத்தின் முன் அது மிகச் சிறிது. எனினும் இருளில் உளி பிடிப்பவர் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நன்று.

புகைக்கூண்டில் உலர்ந்த ரப்பர்த் தகடுகளைத் தரம் பிரிப்போரும் அவ்வாறே சொல்ல வேண்டும். அவர்களுடைய வேலை முழுவதும் நிறத்தையும், பூசணத்தையும், குமிழியையும் கண்ணால் கண்டு முடிவு செய்வதாகும். இரு வில்லைகளிலும் மூளை சில வாரங்களில் பழகிக்கொள்ளும் என்றாலும், ஒரு கண்ணில் ஒன்றும் மறுகண்ணில் வேறொன்றுமாக இருந்தால் வெள்ளைத் துணியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கும்போது நிறம் மாறித் தெரியும். பெரும்பாலோர்க்கு இது தொல்லை தருவதில்லை. தரம் பிரிப்பவருக்குத் தொல்லையாகலாம்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பகல் எது, இரவு எது என்று உடலுக்கு அறிவிக்கும் உயிரணுக்கள் சில விழித்திரையில் உண்டு. இவை நீல ஒளிக்கே மிகுதியாக இசைவன. மஞ்சள் வில்லை தூக்கத்தைக் கெடுக்குமோ என்ற ஐயம் இதனால் எழுந்தது. புரை நீங்கியபின் இருவகை வில்லையினரிடமும் தூக்கம் மேம்பட்டதாகவே பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே இதனை வைத்து ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கையில், எம்மனம் ஒரு சிறு கருத்தின்பால் சாய்கிறது. தெளிந்த வில்லை வைத்துக்கொண்டவர் வெயிலில் கண் கூசினால் குளிர்க்கண்ணாடி அணியலாம், தொப்பி போடலாம், நிழலுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். கண்ணுக்குள் வைத்த மஞ்சளை விடியற்காலையில் மட்டும் கழற்றி வைக்க இயலாது. இது எம் கருத்து மட்டுமே. மஞ்சட்புள்ளி ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு மருத்துவர் மஞ்சளைப் பரிந்துரைத்தால் அதற்கு அவர் காரணம் வைத்திருப்பார். அவரையே கேட்டு நடக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் விழித்திரையையும் சோதித்துக்கொள்ள மறவாதிருப்பார்களாக. புரையை எடுத்தும் பார்வை தெளியாமற் போவதற்கு அங்குள்ள பழுதே பலருக்குக் காரணமாகிறது.

நிறத்தைவிடக் கருத வேண்டியவை

வில்லையின் நிறத்தைப் பற்றி இத்தனை பேசினோம். அதன் ஆற்றல் எண்ணே அதைவிட முக்கியம். அறுவைக்கு முன் கண்ணை அளந்து இவ்வெண்ணைக் கணிப்பர். வழக்கமாக வைக்கப்படும் ஒருகுவிய வில்லை ஒரு தூரத்தையே தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தொலைதூரத்திற்கு அமைத்துவிட்டு, படிக்கவும் தைக்கவும் கண்ணாடி கொடுப்பர். மரம் வெட்டுபவர் பட்டையைப் பார்ப்பதோ கைக்கெட்டும் தூரத்தில்! ஆகவே, "நான் இவ்வளவு தூரத்தில் கோட்டைப் பார்த்து உளி பிடிப்பவன்," என்று கையை நீட்டியே மருத்துவருக்குக் காட்டிவிடுங்கள். பல தூரங்களையும் காட்டும் விலையுயர்ந்த வில்லைகளும் உள்ளன. இருளில் விளக்குகளைச் சுற்றி அவை வளையம் காட்டக்கூடும் என்பதால், நெற்றி விளக்கோடு வேலை செய்பவர் அதைப்பற்றி நன்கு விசாரித்த பின்னரே இசைய வேண்டும்.

அறுவைக்குப் பின் கண்ணில் நீரோ, பாலோ, பால் உறையவிடும் அமிலமோ தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்வது பெருங்கடமை. உயரத்துப் பட்டையை வெட்டுகையில் சீவல் கண்ணில் விழும். எனவே மருத்துவர் கொடுத்த விடுப்பு முடியுமுன் காட்டுக்குச் செல்லலாகாது. காண்டா வாளி தூக்குவதும் அப்படியே. கண் வலித்தாலோ, சிவந்தாலோ, தெரிந்துகொண்டிருந்த பார்வை குறைந்தாலோ மறுநாள்வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

எம் நண்பரின் கதைக்கு வருவோம். அவர் அடகுக் கடைக்குச் செல்லவில்லை. மருந்தகத்தில் மீண்டும் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றார். பதினான்கு மாதத் தாமதத்தில் வலக்கண் புரை முற்றி இறுகியிருந்ததால் அறுவை எளிதாக இருக்கவில்லை என்று மருத்துவர் சொன்னாராம். அங்கு வைக்கப்பட்டது தெளிந்த வில்லையே. கட்டுப் பிரித்த மறுநாள் அவர் பதற்றத்தோடு எம்மை அழைத்தார். லயத்துத் தகரக் கூரையும், வேட்டியும், சோறும்கூட நீலம் பூசியதுபோல் தெரிகின்றனவாம். நீல ஒளி சுட்டுவிட்டதோ என்று நடுங்கிப்போயிருந்தார்.

இதுவும் அறியவேண்டியதே. பல்லாண்டுகள் பழுப்புத் திரையின் வழியே உலகத்தைப் பார்த்துப் பழகிய மூளை, திரை விலகியதும் நீலத்தை மிகுதியாக உணர்கிறது. பிரெஞ்சு நாட்டு ஓவியர் குளோட் மோனே 1923ஆம் ஆண்டில் புரை அறுவை செய்துகொண்டபின், எல்லாம் நீலமாகத் தெரிகின்றன என்று முறையிட்டு, நிறக் கண்ணாடி அணிய வேண்டியதாயிற்று. அவர் கண்ணுக்குள் வில்லையே வைக்கப்படவில்லை. இக்காலத்தவர்க்கு அந்த நீலம் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் மறைந்துவிடும். எம் நண்பருக்கு ஆறாம் வாரத்தில் சோறு வெள்ளையாயிற்று.

இடக்கண் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முதல் அறுவையின்போது கொடுத்த சிறு அட்டையில் வில்லையின் வகையும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதனை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுமாறும், இரண்டாம் கண்ணுக்கும் அதே வகை கிடைக்குமா என்று தாதியிடம் அதைக் காட்டிக் கேட்குமாறும் சொல்லியிருக்கிறோம்.